லீவு இல்லாத பண்டிகை

குடும்ப வாட்ஸப் குழுவில் தம்பி போட்டிருந்தான்: "இந்தத் தடவை சேர்ந்தாற்போல அஞ்சு நாள் லீவு! யார் யார் எப்போ வர்றீங்க?" கீழே வரிசையாகக் கட்டை விரல்கள், ஆட்டம் போடும் பொம்மைகள். ஒருத்திக்கு மேனேஜர் 3 நாள்தான் தருவாராம். இன்னொருவர் சனிக்கிழமையைச் சேர்த்து 9 நாளாக இழுத்துவிட்டாராம். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எத்தனை நாள் என்று எழுதுவது?

வேலை போய் 7 வாரம் ஆகியிருந்தது. அதுவரை யாருடைய சம்பளத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வரவில்லை. அன்றைக்கு அவர்களுடைய லீவைப் பார்த்து வந்தது. இது வேடிக்கையான பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். எல்லா நாளும் வீட்டில் இருப்பவளுக்கு லீவு எதற்கு? ஆனால் எல்லா நாளும் வீட்டில் இருப்பவளுக்குத்தான் லீவு என்ற ஒன்றே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் வித்தியாசம் தெரியாமல் போன பிறகு, பண்டிகை நாள் மட்டும் எங்கிருந்து தனியாகத் தெரியும்?

நான் 14 வருஷம் பேரோல் பார்த்தவள். சம்பளப் பட்டியல், பிடித்தம், வரி, போனஸ், வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கு முடிப்பு, எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஊருக்கெல்லாம் பண்டிகை என்றால் எங்கள் பிரிவுக்கு அதற்கு முந்தைய மாதம் பிழிந்தெடுக்கும். "மேடம், இந்த மாசம் சம்பளம் நாலு நாள் முன்னாடி வருமா?" என்று லிஃப்டில் கூட நிறுத்திக் கேட்பார்கள். அந்த நச்சரிப்பை அப்போது திட்டிக்கொண்டே ரசித்திருக்கிறேன் போல. இந்த வருஷம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வேலை போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு வியாழக்கிழமை 37 பேருடைய பட்டியல் வந்தது. ஆள் குறைப்பு, வெளியில் மூச்சு விடக்கூடாது, திங்களுக்குள் எல்லாருக்கும் கணக்கு முடித்து வைக்க வேண்டும். போட்டேன். நிலுவைச் சம்பளம், எடுக்காத லீவுக்கான பணம், நோட்டீஸ் காலத்துக்கான தொகை, அதிலிருந்து வாங்கிய கடன், முன்பணம் எல்லாம் கழித்தது போக மீதி. ஒருவர் முந்தைய வாரம்தான் பண்டிகை முன்பணம் வாங்கியிருந்தார். அதையும் கழித்தேன். கழிக்காமல் விட முடியாது. ஆனால் அந்த ஒரு கட்டத்தில் எண்ணை அடிக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலை என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். பட்டியலில் நான் 38-ஆவது ஆள். என் பெயர் இருந்த பட்டியலை என் கையிலேயே கொடுக்க முடியாது அல்லவா, அதனால் தனியாக வைத்திருந்திருக்கிறார்கள். பேச்சு மொத்தம் 10 நிமிடம் கூட இல்லை. என் கணக்கை முடித்தது என்னிடம் 2 வருஷமாக வேலை கற்றுக்கொண்ட பெண். ராத்திரி போன் செய்தாள். "அக்கா, உங்க லீவு பேலன்ஸ் இருபத்திரண்டு நாள்னு காட்டுது. சரிதானேக்கா?" என்றாள், அழுதுகொண்டே. "சரிதாம்மா. வரிக் கழிவை மட்டும் ரெண்டாவது தடவை பாத்துக்கோ" என்றேன். 22 நாள்! பிள்ளைகளின் பரீட்சைக்கு, யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், எங்காவது போய் வர என்று எடுக்காமல் சேர்த்து வைத்த லீவு. எல்லாம் பணமாகி ஒரே நாளில் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது.

பணம் வந்ததும் செய்த ஒரே உருப்படியான காரியம், எனக்கு நானே பேரோல் போட்டுக்கொண்டது. சிரிக்காதீர்கள். வந்த தொகையையும் கையிருப்பில் ஒரு பகுதியையும் தனிக் கணக்கில் போட்டு, அதை 8-ஆல் வகுத்து, ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி வீட்டுச் செலவுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்தேன். 8 மாதம் என்பது என் பயத்தின் அளவு. பழைய சம்பளத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. ஆனால் மொத்தத் தொகை கண்ணில் படாமல் இருப்பது எவ்வளவு நல்லது என்று அந்த முதல் மாதமே தெரிந்தது. பெரிய தொகை கணக்கில் கிடந்தால், "இது கூட வாங்க மாட்டோமா" என்று மனசு கேட்கும். மாதச் சம்பளமாக வந்தால் மனசு பழைய பழக்கத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது.

பண்டிகைச் செலவும் அந்த மாதச் சம்பளத்துக்குள்தான் என்று முடிவு செய்தேன். "வருஷத்துக்கு ஒரு தடவை. பண்டிகை முடிஞ்சதும் இறுக்கிப் பிடிச்சுக்கலாம்" என்றார் இவர். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பண்டிகைக்கு அடுத்த மாதம் முன்பணம் கேட்டு என் மேஜைக்கு வந்து நின்றவர்களை 14 வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நின்ற ஒருவராலும் இறுக்கிப் பிடிக்க முடிந்ததில்லை! வேலையில் இருக்கிறவர்களுக்கே அந்தக் கணக்கு ஒத்து வரவில்லை என்றால் எனக்கு எப்படி வரும்? கிரெடிட் கார்டை எடுத்து அலமாரியில், அவசரத்துக்குக் கூடக் கைக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தேன். ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அந்த ஸ்டூலை எடுக்கப் போகும் நேரத்துக்குள் பாதி ஆசை போய்விடும்.

பிள்ளைகளிடம் சொல்வதில்தான் எங்களுக்குள் சண்டை. பண்டிகை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்பது இவர் கட்சி. எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது, உண்மையைச் சொன்னால். ஆனால் பெண்ணுக்கு 13 வயது. அவளுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் தன் தம்பியிடம் அவள் சொல்வது காதில் விழுந்தது: "அம்மா ஐடி கார்டு மாட்டுற கொக்கியில ஒரு மாசமா ஒண்ணுமே தொங்கல, நீ பாக்கலியா?" அவ்வளவுதான். அன்று ராத்திரியே நால்வரும் உட்கார்ந்து பேசினோம். 8 வயதுக்காரன் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப நீ காலையில எங்களைத் திட்டாம அனுப்புவியா?"

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வழக்கமாகப் பண்டிகைக்கு முன்னால் இரண்டு பேரும் என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவார்கள். இந்த வருஷம் பெண்ணுடைய தாளில் முதல் வரி அடிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடித்ததற்குக் கீழே ஹெட்போன் என்று தெரிந்தது. அடுத்த வரியில் "ஜியோமெட்ரி பாக்ஸ் (பழசு ஓகேதான்)" என்று எழுதியிருந்தாள். அந்த அடைப்புக்குறி என்னைக் கொன்றுவிட்டது.

வேலையில்லாமல் போனவர்களைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தது அந்த வாரம்தான். தூக்கம் வராதபோது தேடியதில் மரியந்தால் என்ற ஊர் அகப்பட்டது. ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊருக்கே சோறு போட்டது ஒரே ஒரு ஜவுளி ஆலை. 1930-இல் அது மூடப்பட்டு ஊர் மொத்தமும் வேலையிழந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் என்ற மூவரும் அவர்களுடைய குழுவினரும் அங்கே போய், வேலை இல்லாமல் போனால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று உட்கார்ந்து கவனித்து எழுதினார்கள். 1933-இல் அது வெளிவந்தது. என்னென்னவோ அளந்திருக்கிறார்கள். அதில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை எழுதச் சொன்னது. மரியந்தால் பிள்ளைகள் கேட்ட பொருள்களின் மதிப்பு, பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கேட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அது கூடப் பரவாயில்லை. அந்தப் பிள்ளைகள் "எனக்கு இது வேண்டும்" என்று எழுதவில்லை. பணம் இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பேன் என்கிற தோரணையில் எழுதியிருக்கிறார்கள். ராத்திரி 2 மணிக்கு எழுந்து போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றேன். 90 வருஷத்துக்கு முந்தைய அந்தத் தோரணை எங்கள் வீட்டில் ஒரு அடைப்புக்குறிக்குள் இருந்தது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, அடித்த வரியைத் திரும்ப எழுதச் சொன்னேன். "வாங்கித் தர்றேன்னு சொல்லல. இப்ப முடியாது. ஆனா ஆசைப்பட்டதை அடிக்காதே. அது லிஸ்டுல இருக்கட்டும்." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் எழுதினாள், பிராண்ட் பெயர் சகிதம். என்னத்தைச் சொல்ல.

அடுத்து எனக்கு இருந்த குறை, நேரம். வேலை இல்லாதவர்களுக்கு நேரம் கொட்டிக் கிடக்கும் என்று நினைக்கிறார்கள் அல்லவா? என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, இந்தத் தடவை எல்லாரும் உங்க வீட்லயே கூடிடலாமா? நீங்கதான் இப்ப ஃப்ரீயா இருக்கீங்களே." அதில் ஒரு துளி விஷம் கிடையாது. அவளுக்கு நான் ஃப்ரீ, அவ்வளவுதான். அதற்கு முந்தைய நாள் அக்கா தன் மகனின் ஆன்லைன் விண்ணப்பத்தை என் தலையில் கட்டியிருந்தாள். மாமியாரின் கண் ஆஸ்பத்திரி, காஸ் சிலிண்டர்காரர் வரும் நேரம், மாடி வீட்டுப் பார்சல், எல்லாவற்றுக்கும் நான் வீட்டில் இருக்கிறேன். காலை 9 மணிக்கு ரெஸ்யூமேயைத் திறந்து வைத்தால் மாலை 4 மணிக்கும் அது அதே பக்கத்தில் இருக்கும்.

மரியந்தாலில் இதையும் கவனித்திருக்கிறார்கள். ஊர்த் தெருவைப் பார்த்த ஜன்னலில் ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்து, நடந்து போகிறவர்களைக் கணக்கெடுத்தார். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் அங்கங்கே நின்றார்கள். போய்ச் சேர அவர்களுக்கு ஒரு இடம் இல்லை. பெண்கள் நிற்கவில்லை, விடுவிடுவென்று போனார்கள். ஆலை வேலைதான் போனதே தவிர அடுப்பும் துணியும் பிள்ளைகளும் அவர்களை விட்டுப் போகவில்லை. அந்தப் பெண்களிடம் கேட்டபோது, திரும்ப ஆலைக்கே போக முடிந்தால் போவோம் என்றிருக்கிறார்கள், அதுவும் காசுக்காக மட்டும் இல்லை. அங்கே நாலு பேரைப் பார்க்கலாம், பேசலாம். இதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதியாக இருந்தது. எனக்கு என்ன குறைச்சல், வீட்டில் இவர் சம்பாதிக்கிறாரே என்று எல்லாரும் கேட்கும்போது நான் சொல்லத் தெரியாமல் விழித்ததை, யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அதே ஊர் நூலகத்தைப் பற்றியும் ஒரு சங்கதி. நேரம் இவ்வளவு இருக்கிறதே, எல்லாரும் புத்தகமாக வாசித்துத் தள்ளியிருப்பார்கள் என்றுதானே தோன்றும்? 1929-இலிருந்து 1931-க்குள் எடுத்துப் போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. கட்டணம் இல்லாமல் கொடுத்தும்! "இந்த கேப்ல ஏதாவது புது கோர்ஸ் படிச்சுடு" என்று எனக்கு அறிவுரை சொன்ன ஒவ்வொருவருக்கும் இதை அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. சண்டை போட இது நேரமில்லை.

நாத்தனாரிடம் என்ன சொன்னேன் என்றால், சரி என்றேன். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, செலவை வருகிற குடும்பங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டு, காலை 9 முதல் 11 வரை என்னைக் கூப்பிடக்கூடாது, வீடு இடிந்து விழுந்தாலொழிய. முதலாவதைச் சொல்ல நாக்கு எழவில்லை. நான் மூத்த மருமகள், எப்போதும் எடுத்துக் கட்டிச் செய்தவள். போனில் சொல்ல முடியாமல் மெசேஜாக அடித்து, நாலு தடவை திருத்தி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். 2 நிமிடத்தில் பதில் வந்தது: "அப்பாடா அண்ணி, நானே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்." அவள் கணவருக்கு 3 மாதமாகச் சம்பளம் தவணையில் வருகிறதாம். யார் வீட்டில் என்ன கதை ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்.

இந்த நாள்களில் வேலை தேடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பண்டிகை நெருங்க நெருங்க ஒரு விண்ணப்பத்துக்கும் பதில் வராது. வந்தாலும் "நான் விடுமுறையில் இருக்கிறேன்" என்று எந்திரம் அனுப்பும் பதில்தான் வரும். எனக்கு முதலில் அது ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு என் பழைய மேஜையை நினைத்துப் பார்த்தேன். பண்டிகை மாதத்தில் புதிதாகச் சேர்பவர்களின் பதிவுகள் என்னிடம் வந்ததே அபூர்வம். கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இருக்க மாட்டார், இந்த வருஷத்துப் பட்ஜெட் தீர்ந்திருக்கும், அடுத்த வருஷத்துக்கு ஒப்புதல் வந்திருக்காது. இன்னொன்று, வெளியில் இருப்பவர்கள் யோசிக்காதது: போனஸ் கணக்கில் விழுந்த மறுநாளிலிருந்துதான் ராஜினாமா மெயில்கள் வர ஆரம்பிக்கும். வேறு வேலை பார்த்து வைத்திருப்பவர்கள் போனஸுக்காகக் காத்திருப்பார்கள். அந்த நாற்காலிகள் பண்டிகைக்கு அப்புறம்தான் காலியாகும். ஆகவே இப்போது யாரும் பதில் போடவில்லை என்பதை நான் மறுப்பாக எடுத்துக்கொள்வதை நிறுத்தினேன். தினமும் 20 இடத்துக்கு அனுப்பி 20 மௌனத்தை வாங்கிக்கொள்வதற்குப் பதிலாக, செவ்வாயும் வியாழனும் மட்டும் விண்ணப்பம் என்று வைத்துக்கொண்டேன். மற்ற நாள்களில் மெயிலைத் திறந்தால் பெண்ணிடம் அபராதம் கட்ட வேண்டும். அந்த வகையில் அவளுக்கு ஹெட்போனில் கால்வாசி சேர்ந்துவிட்டது.

9-லிருந்து 11 வரை என்ன செய்தேன் என்று கேட்டால், முதல் வாரம் வெறுமனே எழுதினேன். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. 1994-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும், வேலையிழந்த 63 தொழில்முறை ஊழியர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலரை, வேலை போனதைப் பற்றி மனசில் உள்ளதையெல்லாம் தினம் 20 நிமிடமாக 5 நாள் எழுதச் சொன்னார்கள். இன்னும் சிலர் அன்றாட நேரத் திட்டத்தை மட்டும் எழுதினார்கள், மற்றவர்கள் ஒன்றுமே எழுதவில்லை. மனசைக் கொட்டியவர்களுக்குத்தான் மற்றவர்களை விடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போட்டார்கள் என்றும் சொல்ல முடியவில்லையாம். பழைய கம்பெனி மேல் இருந்த கோபத்தை வெளியே இறக்கி வைத்துவிட்டு நேர்காணலுக்குப் போனார்களோ என்று ஆய்வாளர்கள் யோசித்திருக்கிறார்கள்.

நானும் எழுதினேன். முதல் 2 நாளும் முழுக்க வசவு. அதை இங்கே போட முடியாது. மூன்றாம் நாள் அந்த முன்பணம் வாங்கியவரைப் பற்றி எழுதினேன். நான்காம் நாள், நான் அந்த 37 பேருக்கும் கணக்குப் போட்ட வார இறுதியில் ஒரு நிமிடம் கூட எனக்கும் இது வரும் என்று நினைக்கவே இல்லை, கணக்குப் போடுகிறவளுக்குக் கணக்கு முடியாது என்ற திமிர் இருந்தது என்று எழுதினேன். அதை எழுதிய பிறகு கொஞ்சம் லேசாக இருந்தது. ஐந்தாம் நாள் எழுத ஒன்றும் இல்லை. பால் கணக்கு எழுதினேன்.

அப்புறம் கூட்டம். 23 பேர். நான் பயந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். "இப்ப என்ன பண்றே?" போன வருஷம் வரை இதற்குப் பதில் கூட யோசிக்க மாட்டேன். இந்த முறை குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். "சும்மா ஒரு பிரேக்" என்று சொல்லிப் பார்த்தேன், பொய் என்று என் முகமே சொன்னது. "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிப் பார்த்தேன், கையேந்துகிற மாதிரி இருந்தது. தவிர, ஏதாவது வேலை என்றால் கேட்பவருக்கு ஒன்றும் ஞாபகம் வராது. கடைசியில் இப்படி வைத்துக்கொண்டேன்: "ஆபீஸ்ல ஆள் குறைச்சாங்க, அதுல நானும் ஒருத்தி. பேரோல் வேலை தேடிட்டிருக்கேன். அம்பது பேருக்கு மேல வேலை பாக்குற இடம் உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" 50 பேர் என்றதும் மனிதர்கள் உண்மையிலேயே யோசிக்கிறார்கள். கண்ணை மேலே உருட்டி எண்ணுகிறார்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பீற்றிக்கொள்ள முடியாது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர், 1973-இல் வெளிவந்த ஒரு கட்டுரைக்காக, தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்த ஆள்களிடம், அந்தத் தெரிந்தவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தவர்கள் 17 சதவீதம் போலத்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் மூலம் கிடைத்தவர்கள் பாதிக்கும் மேல். வருஷத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிற ஆள் மூலம் கிடைத்தவர்கள் 28 சதவீதம்! நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்த அதே ஆள்களைத்தான் தெரியும், தூரத்து ஆளுக்குத்தான் வேறு உலகம் தெரியும் என்பது அவர் கணக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற ஆள்கள் மொத்தமாக ஓர் இடத்தில் கூடுவது பண்டிகையை விட்டால் வேறு எப்போது? அதுவும் நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடலாமா என்று நினைத்த அதே வீட்டில்.

எல்லாம் சுபமாக நடந்துவிடவில்லை. பெரியப்பா, "ஏம்மா, இவ்ளோ நாள் ஓடினது போதாதா? இனிமே வீட்டைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரேன்" என்றார். பெரியப்பாவுக்கு நான் வேலைக்குப் போனதே ஒரு பொழுதுபோக்கு. நான் சிரித்துக்கொண்டே நகர்ந்தேன், உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். தம்பி மனைவி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், ஒன்றும் பேசவில்லை. இவர் தன் பங்குக்கு, நான் கேட்கிறேன் என்று தெரியாமல், "இவ இல்லாம அந்த ஆபீஸ்ல இந்த மாசம் சம்பளமே லேட்டாம்" என்று யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். உண்மையா என்று தெரியாது. உண்மையாக இருக்கட்டும் என்று கொஞ்சம் ஆசைப்பட்டேன்.

கடைசியில் விஷயம் வந்தது சித்தி பெண்ணின் மாமனாரிடமிருந்து. அவரோடு நான் மொத்தமாக நாலு வாக்கியம் பேசியிருப்பேன், அதுவும் கல்யாணத்தில். ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "அம்பது பேருன்னு சொன்னீங்களேம்மா. என் கூட வாக்கிங் வர்றவர் பல கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு எடுத்துச் செய்யிறார். வருஷக் கடைசியில ஆள் பத்தலைன்னு புலம்பிட்டே இருப்பார்." பரிசு சுற்றிவந்த தாளில் ஒரு துண்டைக் கிழித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எண்ணை எழுதிக் கொடுத்தார். 7-ஆ 1-ஆ என்று தெரியாத ஒரு இலக்கம் இருந்தது. கேட்க வெட்கமாக இருந்தாலும் ஓடிப் போய், காரில் ஏறப் போனவரை நிறுத்திக் கேட்டுக்கொண்டேன். 7.

அந்த 5 நாளும் ஒரு வசதி இருந்தது, முன்னால் எதிர்பார்க்காதது. எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். காலை 10 மணிக்கு நைட்டியோடு பால்கனியில் நின்றாலும் எதிர் வீட்டில் யாரும் ஏன் என்று பார்க்கவில்லை. 5 நாளும் நான் லீவில் இருக்கும் ஒரு சாதாரண ஆள். ஆறாம் நாள் காலையில்தான் உறைத்தது. 7 மணியிலிருந்து வீட்டில் ஒரே ஓட்டம், சாக்ஸ் எங்கே, சாவி எங்கே. எட்டரைக்கு எல்லாரும் போய்விட்டார்கள். போகும்போது பையன், "திட்டவே இல்ல பாத்தியா" என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனான். கதவைச் சாத்தித் திரும்பினால் கொக்கியில் ஒன்றும் இல்லை. வேலை போன மறுநாளை விட அன்றைக்கு அந்த வீட்டில் சத்தம் குறைவாக இருந்தது.

9 மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து பரிசுத் தாள் துண்டைப் பிரித்து வைத்து எண்ணை அழுத்தினேன். என்ன சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். பெயர், அனுபவம், எந்தெந்த சாஃப்ட்வேர் தெரியும் என்று கேட்டார். பின்னால் குழந்தைகள் கத்துவது கேட்டது. "வேலை இருக்கும்மா, ரெண்டு மாசத்துக்கு நிச்சயமா இருக்கு. ஆனா நான் ஊர்ல இல்ல, லீவுல இருக்கேன். வியாழக்கிழமை கூப்பிடுங்களேன்" என்றார்.

வியாழன் என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். இன்று செவ்வாய், விண்ணப்ப நாள். இதைப் போட்டுவிட்டு 2 இடத்துக்கு அனுப்ப வேண்டும்.